வேலை வாங்கிக் கொடுப்பதும் வேலையில் நிற்க வைப்பதும்: வழக்கில் சிக்கிய இளைஞர்களுக்கு ஹோட்டல், சுற்றுலாத் துறையில் வழிகாட்டுவது எப்படி?

கூர்நோக்கு இல்லத்திலிருந்தோ சிறப்பு இல்லத்திலிருந்தோ வெளியே வரும் இளைஞர் ஒருவருக்கு ஹோட்டலில் வேலை பிடிப்பது அவ்வளவு கடினமில்லை. தமிழ்நாட்டில் 'ஆட்கள் தேவை' அட்டை தொங்காத ஹோட்டல் தெருவே குறைவு. அந்த வேலையில் அவரை மூன்று மாதம் நிற்க வைப்பதுதான் கடினம். தங்க இடம் சரியில்லை, மாஸ்டர் திட்டினார், சம்பளம் பிடித்துக்கொண்டார்கள், பழைய நண்பர்கள் தேடி வந்தார்கள் என்று ஏதாவது ஒன்றில் வேலை போய்விடும். வேலை போனால் பெரும்பாலும் பழைய தெருவுக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

இந்த அத்தியாயம் அப்படி ஓர் இளைஞருக்குப் பக்கத்தில் நிற்க முன்வந்த உங்களுக்கானது. நீங்கள் தன்னார்வலராக இருக்கலாம், சமூகப் பணியாளராக இருக்கலாம், அவருடைய சித்தப்பாவாகவோ அக்காவாகவோ இருக்கலாம். கீழே உள்ள ஏழு படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

## படி 1: வயதையும் வழக்கின் நிலையையும் உறுதி செய்யுங்கள்

வேலை தேடக் கிளம்பும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்.

1. இப்போது வயது என்ன? 18 நிறையவில்லை என்றால் ஹோட்டல் வேலையில் சேர்க்காதீர்கள், பயிற்சியில் சேருங்கள். 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களை இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது, இடைவேளையும் சேர்த்து ஒரு நாளில் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 1986-ஆம் ஆண்டின் குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம். ஹோட்டல் தொழில் ஓடுவதே விடியற்காலையிலும் இரவிலும்தான். சட்டத்துக்கு உட்பட்ட ஹோட்டல் வேலை இந்த வயதில் அநேகமாகக் கிடைக்காது.

2. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? நன்னடத்தை அலுவலரிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டு, கீழே உள்ளவற்றில் எது பொருந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

- இளைஞர் நீதிக் குழுமத்தில் விசாரணை நடக்கிறது: அடுத்த வாய்தா தேதிகளை எழுதி வையுங்கள். அந்த நாட்களில் விடுப்பு கிடைக்கும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும். குழுமம் தன் உத்தரவோடு சேர்த்தே தொழிற்பயிற்சிக்குச் செல்லும்படியும் உத்தரவிடலாம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18(2) பிரிவு அதற்கு இடம் தருகிறது. வழக்கறிஞர் மூலம் இதைக் கேட்டுப் பெறுங்கள்.
- குழுமம் வழக்கை முடித்துவிட்டது: அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, தண்டனை பெற்றதால் வரும் எந்தத் தகுதியிழப்பும் இவருக்குக் கிடையாது. நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட முடிந்த வழக்கின் விவரத்தைப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது பிரிவு 74(2).
- 16 வயதுக்கு மேல், கொடுங்குற்ற வழக்கில் குழந்தைகள் நீதிமன்றம் வயது வந்தவரைப் போல விசாரித்தது: மேலே சொன்ன 24-ஆம் பிரிவின் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது. வழக்கறிஞரைக் கேட்காமல் எந்த விண்ணப்பத்தையும் நிரப்ப வேண்டாம்.
- 18 வயதுக்குப் பிறகு வந்த வழக்கு: 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டிருந்தால், அதன் 12-ஆம் பிரிவு தகுதியிழப்பை நீக்குகிறது. தீர்ப்பின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

குறிப்பு: வழக்கறிஞர் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

## படி 2: காகிதங்களைச் சேருங்கள்

பல இளைஞர்கள் வெளியே வரும்போது கையில் ஒரு காகிதமும் இருப்பதில்லை. இந்த வரிசையில் தேடுங்கள்:

1. பிறப்புச் சான்று
2. ஆதார்
3. பள்ளி மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல்
4. சாதிச் சான்று (பயிற்சி நிலைய இட ஒதுக்கீட்டுக்கு)
5. அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு
6. அவர் பெயரிலேயே கைபேசி எண்
7. மருத்துவத் தகுதிச் சான்று. உணவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையை உணவுப் பாதுகாப்பு விதிகள் கட்டாயமாக்கியுள்ளன.

கவனம்: ஆதாரில் 'அரசினர் சிறப்பு இல்லம்' என்று முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். சட்டம் மறைத்துக் காக்கும் விவரத்தை அந்த ஒரு வரி ஒவ்வொரு முதலாளியிடமும் சொல்லிவிடும். இல்லத்துக்குள் கற்ற தொழிலுக்கான சான்றிதழிலும் இல்லத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பயிற்சி அளித்த நிறுவனத்தின் பெயரில் வேறு சான்றிதழ் கேளுங்கள்.

படிப்பு பாதியில் நின்றிருந்தால் எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். வேலையில் சேர்ந்த பிறகும் எழுதலாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் ஐ.டி.ஐ. உணவுத் தயாரிப்புப் பிரிவு முதல் பல கதவுகள் திறக்கும்.

## படி 3: ஆளுக்கேற்ற வேலையைத் தேர்ந்தெடுங்கள்

'ஹோட்டல் வேலை' என்பது ஒரே வேலை இல்லை. இளைஞரோடு உட்கார்ந்து பேசி, எது ஒத்துவரும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

- சமையல்கட்டு: காய்கறி வெட்டுவதில் தொடங்கி மாஸ்டருக்கு உதவியாள், பிறகு தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர் என்று ஏறும் வழி. பெரிய ஹோட்டலில் கமி எனப்படும் இளநிலைச் சமையலர். கூட்டத்தில் பேசக் கூசுபவருக்கும், கையில் பச்சை குத்தியிருப்பவருக்கும், பிளேடு தழும்பு உள்ளவருக்கும் இது நல்ல இடம். கைத்தொழில் படிந்துவிட்டால் எந்த ஊரிலும் பிழைக்கலாம்.
- சப்ளையர்: பேச்சும் நினைவாற்றலும் உள்ளவருக்கு. டிப்ஸ் உண்டு. சட்டென்று கோபம் வருபவரை முதல் ஆறு மாதம் இதில் விடாதீர்கள்.
- ரூம் பாய், ஹவுஸ்கீப்பிங்: ஒழுங்கும் பொறுமையும் உள்ளவருக்கு. விருந்தினரின் பொருள் காணாமல் போனதாகப் பழி வரும் ஆபத்து இங்கேதான் அதிகம். அதற்கான முன்னெச்சரிக்கையைப் 'பாதுகாப்பு' பகுதியில் பாருங்கள்.
- பாத்திரம் கழுவும் பகுதி: உடனே கிடைக்கும், ஆனால் அங்கேயே தேங்கிவிடும் ஆபத்து உண்டு. எத்தனை மாதத்தில் வேறு பகுதிக்கு மாற்றுவார்கள் என்று சேரும்போதே கேளுங்கள்.
- கேட்டரிங், கல்யாண சமையல்: முகூர்த்த நாட்களில் நல்ல கூலி, ஆடியிலும் மார்கழியிலும் வேலை குறையும். பயிற்சிக்கு உதவும், முதல் நிரந்தர வருமானத்துக்கு உதவாது.
- சுற்றுலா: படகு இல்லம், தங்கும் விடுதி வரவேற்பு, வாகன ஓட்டுநர், வழிகாட்டி. போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைய வேண்டும். மாமல்லபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ வளர்ந்த பிள்ளைக்கு ஊரைப் பற்றிய அறிவே முதல். அதோடு இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு பேசக் கற்றால் வழிகாட்டி வேலைக்கு அடிப்படை அமைந்துவிடும்.

கவனம்: மதுக்கூடம் உள்ள ஹோட்டலில் சேர்த்தால், பார் பகுதிக்கு அனுப்ப மாட்டோம் என்று முன்கூட்டியே உறுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் மது வாங்கும் வயதே 21. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வருபவருக்கு அந்த இடம் எந்த வயதிலும் வேண்டாம்.

## படி 4: பயிற்சியில் சேருங்கள்

சில வாரப் பயிற்சி இருந்தால் சம்பளமும் மரியாதையும் வேறு மாதிரி அமையும். விசாரிக்க வேண்டிய இடங்கள்:

1. அரசு ஐ.டி.ஐ.: உணவுத் தயாரிப்பு, உணவு பரிமாறுதல் போன்ற ஓராண்டுப் பிரிவுகள்.
2. தரமணி, துவாக்குடி ஹோட்டல் மேலாண்மை நிறுவனங்கள்: மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'ஹுனர் சே ரோஜ்கார் தக்' போன்ற இலவசக் குறுகியகாலப் பயிற்சிகள் எப்போது தொடங்குகின்றன என்று நேரில் கேளுங்கள்.
3. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம்: மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் உங்கள் ஊருக்கு அருகில் நடக்கும் வகுப்புகளின் பட்டியல் கிடைக்கும்.
4. தொழில் பழகுநர் இடம்: பெரிய ஹோட்டல்களில் உதவித்தொகையோடு வேலை கற்கலாம்.

இல்லத்திலிருந்து 18 வயது நிறைந்து வெளியே வந்தவராக இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பிற்காப்பு உதவிக்கு விண்ணப்பியுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. 21 வயது வரைக்கும், தேவை இருந்தால் 23 வரைக்கும் நீட்டிக்கலாம். பயிற்சிக் காலத்தில் 'கைக்காசு இல்லை' என்று இளைஞர் பாதியில் நிற்பதை இந்தத் தொகை தடுக்கும்.

## படி 5: முதலாளியைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். மதியக் கூட்ட நேரத்தில் ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்காருங்கள். மேலாளர் ஊழியர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

- தங்கும் அறை எங்கே? ஓர் அறையில் எத்தனை பேர்? நேரில் பார்க்கலாமா?
- வார விடுமுறை உண்டா?
- சம்பளம் வங்கியில் வருமா, எந்தத் தேதியில்?
- இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்களா? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஹோட்டலில் இ.எஸ்.ஐ.யும், 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப்.பும் இருக்க வேண்டும்.
- பிரேக் ஷிஃப்டா (நடுவில் சில மணி நேர இடைவேளை விட்டு இரண்டு வேளை), நேர் ஷிஃப்டா?

தங்கும் அறையைக் காட்ட மறுக்கும் இடம் வேண்டாம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமும் வேண்டாம். சேரும்போதே பெரிய அட்வான்ஸ் தருகிறேன் என்றாலும் வேண்டாம். அது ஆளைக் கட்டிப்போடும் கடன்.

ஊர் எவ்வளவு தூரம்? பழைய கூட்டாளிகளின் தெருவிலேயே வேலை வேண்டாம். அதற்காக முன்பின் தெரியாத ஊருக்கும் தனியாக அனுப்ப வேண்டாம். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் நீங்கள் போய்ச் சேரக்கூடிய ஊர் சரியான தூரம். ஊட்டி, குற்றாலம் போன்ற இடங்களில் சீசனுக்கு மட்டும் ஆள் எடுப்பார்கள். சீசன் முடிந்ததும் வேலை இருக்குமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## படி 6: எதைச் சொல்வது, எதைச் சொல்லாதிருப்பது

இரக்கம் வரட்டும் என்று இளைஞரின் கதையை முதலாளியிடம் கொட்டுவது வழிகாட்டிகள் செய்யும் பெரிய தவறு. அந்த இரக்கம் ஒரு வாரம் நிற்கும். அதன் பிறகு கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் எல்லோர் பார்வையும் அவர்மேல் விழும்.

1. சொல்வதா வேண்டாமா என்ற முடிவு இளைஞருடையது. அவர் சம்மதமில்லாமல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்.
2. நீங்கள் யார் என்பதை மட்டும் சொல்லுங்கள்: "சார், இந்தத் தம்பிக்கு நான் பொறுப்பு. இது என் நம்பர். எதுவாக இருந்தாலும் முதலில் எனக்குக் கூப்பிடுங்கள்."
3. விண்ணப்பத்தில் குற்ற வழக்கு பற்றிய கேள்வி இருந்தால், படி 1-இல் குறித்த நிலையைப் பார்த்து, வழக்கறிஞர் சொல்லும் விடையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பொய் எழுதவும் வேண்டாம்; கேட்காததை எழுதவும் வேண்டாம்.
4. "இரண்டு வருஷம் என்னப்பா பண்ணின?" என்ற கேள்வி நிச்சயம் வரும். உண்மையான, சுருக்கமான ஒரு பதிலை முன்பே பழக்குங்கள்: "வீட்டுச் சூழ்நிலையால படிப்பு நின்னுடுச்சு சார். அப்புறம் சமையல் பயிற்சி எடுத்தேன். இப்ப வேலை கத்துக்க வந்திருக்கேன்." இதில் வரும் ஒவ்வொன்றும் அவர் வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும்.

குறிப்பு: நேர்காணலுக்கு முன் முடியைச் சீராக வெட்டி, நகம் களைந்து, முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் அணியட்டும். உணவுத் தொழிலில் முதலில் பார்ப்பது கையைத்தான்.

## படி 7: முதல் 90 நாட்கள் கூடவே இருங்கள்

அமெரிக்காவின் டாலஸ் நகரில் 2015-இல் திறக்கப்பட்ட 'கஃபே மொமென்டம்' என்ற உணவகம், சிறார் காவலிலிருந்து வரும் இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு 12 மாதப் பயிற்சி தருகிறது. சமையலைக் கற்றுக்கொடுப்பதோடு வீடு, படிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கும் அங்கே ஆள் இருக்கிறார்கள். உங்களால் உணவகம் திறக்க முடியாது. கூட இருக்க முடியும்.

- முதல் நாள்: நீங்களே கொண்டுபோய் விடுங்கள். போர்வை, சோப்பு, பூட்டோடு ஒரு பெட்டி, முதல் சம்பளம் வரை கைச்செலவுக்குச் சிறு தொகை கொடுங்கள்.
- முதல் வாரம்: தினமும் ஒரு அழைப்பு. "சாப்பிட்டியா, தூங்கினியா, யாராவது அடிச்சாங்களா?" என்று மூன்றையும் கேளுங்கள்.
- மூன்றாம் வாரம்: கால் வலி, தூக்கமின்மை, மாஸ்டரின் வசவு எல்லாம் சேர்ந்து "வந்துடறேண்ணா" என்று சொல்லும் நேரம். தொலைபேசியில் அறிவுரை சொல்லாமல் நேரில் போங்கள். பாதி நேரம் பிரச்சினை மாற்றக்கூடிய ஒன்றாகத்தான் இருக்கும்: வேறு ஷிஃப்ட், வேறு அறை, வேறு மாஸ்டர்.
- முதல் சம்பளம்: வருவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். வீட்டுக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு, சட்டைக்கு எவ்வளவு என்று அவரே எழுதட்டும்.
- பிரேக் ஷிஃப்ட் இடைவேளை: மதியம் 3 முதல் 6 மணி வரை வெறுமையாகக் கிடக்கும். தனித்தேர்வுப் படிப்பு, ஆங்கில வகுப்பு, ஓட்டுநர் பயிற்சி என எதையாவது அதில் பொருத்துங்கள். பழைய அழைப்புகள் வருவதும் இந்த நேரத்தில்தான்.
- முதல் பண்டிகை: தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் விடுமுறையில் இருக்கும்போது ஹோட்டலில் வேலை இரட்டிப்பாகும். இதை முன்பே சொல்லுங்கள். பண்டிகைக்குப் பிந்தைய வாரத்தில் விடுப்புக்கு இப்போதே பேசி வையுங்கள்.

## பாதுகாப்பு

உடலுக்கு: கொதிக்கும் எண்ணெய் அருகே செருப்போடு நிற்கக் கூடாது, முன்பக்கம் மூடிய, வழுக்காத காலணி வேண்டும். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். கிரைண்டரில் மாவு தள்ளும்போது கையை விடக் கூடாது. இவற்றை வேலைக்குப் போகும் முன்பே செய்துகாட்டிப் பழக்குங்கள்.

பெயருக்கு: முதல் ஆறு மாதம் கல்லாவிலும் ஸ்டோர் சாவியிலும் அவர் கை படாமல் இருப்பது அவருக்கே நல்லது. அறை சுத்தம் செய்யும்போது கதவைத் திறந்தே வைக்க வேண்டும். முடிந்தால் இருவராகப் போக வேண்டும். விருந்தினர் மறந்துவிட்ட பொருள் கண்ணில் பட்டால், உடனே சூப்பர்வைசரை அழைத்து அவர் முன்னால் எடுத்து, பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு: தங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள், இரவு ஷிஃப்ட் முடிந்தால் வாகனம், புகார் சொல்ல ஒரு பெண் மேலாளர் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள். அரசின் 'தோழி' விடுதி அருகில் இருந்தால் அங்கே தங்க ஏற்பாடு செய்யுங்கள். தொல்லை என்றால் 181. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 1098.

## திருட்டுப் பழி வந்தால்

இதை இளைஞருக்கு முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வையுங்கள்:

1. ஓடாதே. ஓடினால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.
2. கை நீட்டாதே, கத்தாதே.
3. வெற்றுத்தாளிலோ படித்துப் பார்க்காத காகிதத்திலோ கையெழுத்துப் போடாதே.
4. "சிசிடிவி பாருங்க சார்" என்று மரியாதையாகக் கேள்.
5. எனக்குக் கூப்பிடு.

அழைப்பு வந்ததும் நீங்கள் நேரில் போங்கள். மேலாளரிடம் பதிவேட்டையும் கேமராப் பதிவையும் கேளுங்கள். போலீஸ் வரை போனால் 15100-க்குப் பேசி வழக்கறிஞரை வரவழையுங்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- படத்தோடு பெருமைப்படுவது: 'திருந்திய இளைஞருக்கு வேலை' என்று வாட்ஸாப்பிலும் பத்திரிகையிலும் படம் போடுவது. சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.
- ஒரே ஹோட்டலில் ஐந்து பேரைச் சேர்ப்பது: ஒருவர் வெளியேறினால் ஐவரும் வெளியேறுவார்கள். இருவர் போதும்.
- முதல் வேலை போனதும் கைவிடுவது: இந்தத் துறையில் இடம் மாறுவது எல்லோருக்கும் இயல்பு. இரண்டாவது இடத்தில் சேர்ப்பதையும் உங்கள் திட்டத்தில் முதலிலேயே வையுங்கள்.
- நன்றியை எதிர்பார்ப்பது: அவர் உங்களுக்காக வேலை செய்யவில்லை. தனக்காகச் செய்கிறார்.

## கிளம்பும் முன் ஒரு சரிபார்ப்பு

- வயதும் வழக்கு நிலையும் எழுதியாயிற்றா?
- ஆதார் முகவரி சரியா?
- வங்கிக் கணக்கு அவர் பெயரிலா?
- தங்கும் அறையை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?
- அசல் சான்றிதழ்கள் உங்களிடமோ அவரிடமோ பத்திரமா?
- உங்கள் எண் அவருக்கு மனப்பாடமா?
- முதல் 90 நாட்களில் நேரில் போகும் தேதிகளை நாட்காட்டியில் குறித்தீர்களா?

கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்ல முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் பொறுத்துத் தொடங்குங்கள். பத்து பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துபோவதைவிட, ஒருவருக்கு வாங்கிக் கொடுத்து அவர் மாஸ்டராகும் வரை கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது மேல். அந்த ஒருவரை இந்த வாரமே தேர்ந்தெடுங்கள். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், நன்னடத்தை அலுவலரைப் பார்த்துப் பேச்சைத் தொடங்குங்கள்.